முன்னவர், பின்னவர், ஒரு சுட்டுவிரல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த தண்டனை. தண்டித்தவள் என் நாத்தனார். "நீ பண்ணின கூத்தை நீயே எழுது அண்ணி. நாலு பேர் படிச்சு சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். சொன்னாள் என்றால் கையால் சொன்னாள். அவளுக்குக் காது கேட்காது. நாங்கள் இருவரும் பேசுவது சைகை மொழியில். அவள் கை பேசியதை நான் வாய்த் தமிழாக்கி எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வந்து என்னோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

(அண்ணியை நீ என்கிறாளே என்று என் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார். அவள் கையில் நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. என்னை நோக்கி ஒரு விரல் வரும், அவ்வளவுதான். பல வருடமாக ஒரே வீட்டில் ஒரே அலமாரிக்கு அடித்துக்கொள்கிறோம். நீ போதும்.)

தண்டனைக்கு நிபந்தனைகள் உண்டு. அவளைப் பாவம் என்று எழுதக் கூடாது. மௌனம் என்ற சொல் கதையில் எங்கேயும் வரக் கூடாது. இதோ ஒரு தடவை வந்துவிட்டது, இதுதான் கடைசி. எழுதின பக்கங்களை அவளிடம் காட்ட வேண்டும். அவள் பென்சிலோடு உட்கார்ந்திருப்பாள்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

அவளுடைய கைகள் இரண்டு பறவைகளைப் போல—

ஓரத்தில் பென்சில் கேட்டது: "கோழியா?" அதோடு அந்தத் தொடக்கம் செத்தது. இரண்டாவது:

அவள் வேலை செய்யும் பார்லரில் எப்போதும் ஓர் ஆழ்ந்த ம—

நானே நிறுத்திக்கொண்டேன். ஹேர் டிரையர்கள் ஓடுகிற இடத்தில், நாலு பெண்கள் ஒருத்தியின் மாமியாரைப் பற்றிப் பேசுகிற இடத்தில், எங்கிருந்து வரும் அது? எழுத்தாளர்களுக்குக் காது கேட்காத ஆளைப் பார்த்ததும் இந்த வியாதி வந்துவிடுகிறது. எனக்கு முற்றிய நிலை.

சரி, தொப்பியிலிருந்து தொடங்குகிறேன்.

2

சைகை மொழி பேசுபவர்களின் மூளையை ஆராய்ச்சி செய்ய ஆள் வேண்டும் என்று ஒரு விளம்பரம் வந்தது. நாத்தனார் பெயர் கொடுத்தாள். துணைக்கும் மொழிபெயர்ப்புக்கும் நான் போனேன். ஆராய்ச்சி செய்கிற அம்மாள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். அவர் கையில் ஒரு தொப்பி இருந்தது. தொப்பி முழுக்க ஓட்டை, ஓட்டைக்கு ஓர் ஒயர். மூளையில் ஓடுகிற மின் அலையை அது அளக்குமாம். ஓட்டை வழியாகத் தலையில் ஜெல் விட்டால்தான் அலை பிடிபடுமாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் பெயர் தொப்பி டாக்டர்.

என் நாத்தனார் தொழில்முறைத் தலை அலங்காரக் கலைஞர். ("முடி வெட்டுறவள்னு எழுது, போதும்" – பென்சில்.) முடி வெட்டுகிறவள் தலையில் ஜெல்லைக் கொட்ட வந்தால் சும்மா இருப்பாளா?

"இது போக எத்தனை தடவை ஷாம்பூ போடணும்னு கேளு."

கேட்டேன். "ரெண்டு தடவை போட்டா போயிடும்மா" என்றார் டாக்டர்.

"எந்த ஷாம்பூ?"

டாக்டர் முழித்தார். "வீட்டுல இருக்கறதுதான்..."

"அதான் நுனியெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. அதையும் சொல்லு" என்றாள் நாத்தனார். நான் சொல்லவில்லை. டாக்டரின் முகம் மாறாததைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சொல்லலை, இல்ல?" என்றாள். இவளிடம் எதையும் மறைத்து மொழிபெயர்க்க முடியாது.

பிறகு திரையில் ஒரு படம் ஓடியது. படத்தில் ஒரு பெண் சைகையில் கதை சொல்கிறாள். அக்கா என்று சொல்லித் தன் வலது பக்கத்துக் காற்றைத் தொட்டுக் காட்டுகிறாள். தம்பி என்று சொல்லி இடது பக்கம் காட்டுகிறாள். அதற்கப்புறம் அக்காவும் வேண்டாம் தம்பியும் வேண்டாம். விரல் வலது பக்கம் போனால் "அவள்", இடது பக்கம் போனால் "அவன்". வெறும் காற்று, ஆனால் அங்கே ஆள் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் வேண்டுமென்றே ஒரு தடவை, யாரையும் உட்காரவைக்காத ஓர் இடத்தை விரல் காட்டியது. உடனே கணினியில் ஓடிக்கொண்டிருந்த கோடு துள்ளியது.

"பாத்தீங்களா?" என்று டாக்டரும் துள்ளினார். "நீங்க ‘அவர்’னு ஒரு வார்த்தையைக் கேட்டா, உங்க மூளை பின்னாடி போய் யாரு அவருன்னு தேடும். இவங்களுக்கு அவர் காத்துல ஒரு இடத்துல இருக்காரு. இவங்க மூளை தேடுறது ஆளையா, இடத்தையா? அந்த விரல் இவங்களுக்கு ஒரு வார்த்தையா, இல்ல நாம கடையில ‘அந்தச் சோப்பை எடுங்க’ன்னு கையைக் காட்டுறோமே அதுமாதிரியா? இதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம்."

நான் கையால் சொன்னேன். நாத்தனார் தொப்பியோடு பதில் சொன்னாள்: "அது அலை இல்ல, எனக்கு வந்த எரிச்சல். ஆளையே உக்கார வைக்காம ‘அவங்க’ன்னா யாருன்னு எடுத்துக்கறது?"

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

3

இங்கே கொஞ்சம் கட்டுரை. கதை மட்டும் போதும் என்பவர்கள் அடுத்த எண்ணுக்குப் போகலாம். ஆனால் பின்னால் புரியவில்லை என்று சொல்லக் கூடாது.

தமிழில் அவன், அவள், அது என்று எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ‘அ’ நிற்கிறது. அதற்குப் பெயர் சுட்டெழுத்து. கையில் நீட்டுகிற விரலுக்குப் பெயர் சுட்டுவிரல். இரண்டையும் பள்ளிக்கூடத்தில் படித்தேன், மதிப்பெண் வாங்கினேன், இரண்டும் ஒரே வேலை செய்கின்றன என்று எனக்கு உறைத்தது தொப்பி டாக்டர் அறையில்தான். நாம் வாயால் சுட்டுகிறோம், அவள் விரலால் சுட்டுகிறாள். வித்தியாசம் என்னவென்றால், நம்முடைய சுட்டு ஏகப்பட்ட மூட்டை முடிச்சோடு வரும். ஆணா பெண்ணா, பெரியவரா சின்னவரா, மரியாதை உண்டா இல்லையா எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். அவள் விரலுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. ஜனாதிபதியும் பூனைக்குட்டியும் ஒரே விரல்தான்.

இதில் எனக்குச் சொந்தமாக ஒரு தொல்லை. என் வயதுப் பெண்களுக்கு ‘அவர்’ என்றால் ஒரே ஆள். "அவர் இன்னும் வரலை" என்று நான் சொன்னால் எதிர்வீட்டுக்காரி எந்த அவர் என்று கேட்பதில்லை. அப்படிப் பழகிவிட்டு, இந்தக் கதையில் வேறு இரண்டு ஆண்களை அவர், அவர் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உங்களையும் குழப்பும்.

அதனால் அச்சுத் தமிழின் பழைய வழியைப் பிடித்துக்கொள்கிறேன். இரண்டு பேரைச் சொல்லிவிட்டு முன்னவர், பின்னவர் என்போமே, அது. யோசித்தால் அதுவும் காகிதத்தில் இடம் காட்டுவதுதான்.

4

முன்னவர் என் நாத்தனாரின் முன்னாள் கணவர். டைல்ஸ் கடையில் விற்பனைப் பிரிவு. காது நன்றாகக் கேட்கும், வாய் அதைவிட நன்றாக ஓடும். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் அவர் கற்றுக்கொண்ட சைகைகள் நாலே நாலு: சாப்பாடு, சட்டை, சீக்கிரம், அப்புறம். மற்றதையெல்லாம் சத்தமாகச் சொன்னால் அவளுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினார். ஒருநாள் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார், போனவர் போனவர்தான். கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள். இப்போது திடீரென்று எனக்கு ஃபோன் வந்தது.

"அக்கா, நான் பண்ணினது தப்புதான். திரும்ப வந்துடலாம்னு நினைக்கிறேன். நீங்கதான் அவகிட்ட கேட்டுச் சொல்லணும்."

பின்னவர் எங்கள் குடியிருப்புக்கு வரும் லிஃப்ட் மெக்கானிக். அவருக்கும் காது கேட்காது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டை அடிக்கடி வந்து பழுது பார்ப்பார். பழுது எப்போதும் மூன்றாவது மாடியில்தான் இருக்கும். மூன்றாவது மாடியில் நாங்கள் இருக்கிறோம். லிஃப்ட் வாசலில் இவளும் அவரும் பேசத் தொடங்கினால், மாடிப்படி ஏறி வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும், கை அப்படி வீசும். அதே வாரத்தில் அவரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது:

"வணக்கம். உங்கள் நாத்தனாரை மணக்க விரும்புகிறேன். அண்ணியான உங்கள் வழியாகக் கேட்பதுதான் முறை. லிஃப்டில் கிறீச் என்று சத்தம் வருவதாகக் காவலாளி சொன்னார். நாளை வந்து பார்க்கிறேன்."

இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று வரைவில் ஒரு மாத இடைவெளி விட்டிருந்தேன். பென்சில் அடித்துவிட்டது. பின்னவர்மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது. குறையே இல்லாத ஆள் கதையில் நிற்க மாட்டார். ஏதாவது குறை சொல்லேன் என்று நாத்தனாரிடம் கெஞ்சினேன். ரொம்ப யோசித்தாள். "சாப்பிடும்போது கரண்டியோட பேசுவார். என் மேல எல்லாம் தெறிக்கும்" என்றாள். சொல்லும்போதே முகம் மலர்ந்துபோனது. அதைப் போய் நான் எப்படிக் குறை என்று எழுதுவேன்?

5

இப்போது என் தப்பு. நிதானமாகச் சொல்கிறேன், பின்தொடருங்கள்.

பார்லரின் பின்னறையில் டீ குடித்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நாத்தனார் தன் வலது பக்கத்தில் முன்னவரை உட்காரவைத்தாள், இடது பக்கத்தில் பின்னவரை. காற்றில்தான். அப்புறம் இங்கும் அங்கும் விரல் போய் வந்தது. [வலது] நல்லாப் பேசுவார், ஆனா நான் பேசினா பார்க்கவே மாட்டார். [இடது] கொஞ்சம் பயந்த சுபாவம். இப்படியே பேசிக்கொண்டிருந்தவள், என் தலையைப் பார்த்து நிறுத்தினாள். "வெள்ளையா தெரியுது. வா, டை போட்டு விடறேன்."

நாற்காலியில் உட்காரவைத்து எனக்குப் பின்னால் நின்றாள். எதிரே கண்ணாடி. பார்லரில் அவள் எல்லாரோடும் பேசுவது கண்ணாடி வழியாகத்தான். ஒரு கையில் டை பிரஷ், இரண்டு கையிலும் உறை. மிச்சம் இருந்தது ஒரு சுட்டுவிரல். டையைத் தடவிக்கொண்டே யோசித்தாள், யோசித்துக்கொண்டே முடிவெடுத்தாள். விரல் அவளுடைய இடது பக்கம் போனது: "வரச் சொல்லு." பிரஷ் வலது பக்கம் போனது: "வேண்டாம்னு சொல்லிடு." ஒரு சொட்டு டை என் நெற்றியில் விழுந்தது. பதில் நான்தான் அனுப்ப வேண்டும். இரண்டு பேரும் கேட்டது அண்ணியைத்தானே.

எதிரெதிரே இருக்கும்போது அவளுடைய இடது பக்கம் எனக்கு வலது பக்கம். அதனால் பின்னவரை நான் என் வலது பக்கத்து ஆளாக மனதில் வைத்திருந்தேன், முன்னவரை என் இடது பக்கத்து ஆளாக. இப்போது இருவரும் ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுடைய இடது பக்கம் எனக்கும் இடது பக்கம்தான். அங்கே யார் இருக்கிறார்? என் கணக்கில் முன்னவர்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அப்போது புரியவில்லை.

(காது கேட்காத அவளுடைய தோழிகள் அதே கண்ணாடியில் தினமும் பேசுகிறார்கள், ஒருத்தியும் இந்தத் தப்பைப் பண்ணினதில்லை. அவர்கள் பேசுகிறவளின் பக்கத்தை நினைவு வைக்கிறார்கள்; நான் என் பக்கத்தை வைத்தேன். பிற்பாடு தொப்பி டாக்டரிடம் இதைச் சொன்னபோது, "இதைத்தாம்மா நான் தேடிக்கிட்டிருக்கேன்! உங்களுக்கும் ஒரு தொப்பி மாட்டிப் பார்க்கலாமா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் குல்லா போடாதீங்க டாக்டர்" என்று எழுந்து வந்துவிட்டேன்.)

ஏன் திரும்ப ஒரு தடவை கேட்கவில்லை என்று கேட்பீர்கள். கேட்டால் என்ன சொல்வாள் தெரியுமா? "ஒரு தடவை சொன்னா புரியாதா? காது கேக்கலையா?" இந்த வாக்கியத்தைக் காது கேட்கிறவர்களிடம் சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

6

முன்னவருக்கு: "வாங்க. அவளுக்குச் சம்மதம்."

பின்னவருக்கு: "மன்னிக்கவும். அவளுக்கு விருப்பமில்லை."

அனுப்பிவிட்டு எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். பிரிந்தவர்கள் சேர்வது நல்லதுதானே, இதில் என்ன இருக்கிறது.

அந்த வாரம் லிஃப்ட் வாசலுக்குப் பின்னவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. லிஃப்ட் முனகத் தொடங்கியது. நாத்தனார் பொத்தானை அழுத்தாமலே வாசலில் நிற்பாள், கொஞ்ச நேரம் கழித்துப் படியில் இறங்கிப் போவாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சம்மதம் சொல்லி அனுப்பிய பிறகு வராதவரைப் பற்றி வாய் திறந்து கேட்பதா என்ற ரோஷம். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். நான் அதைப் பார்த்துவிட்டு, முன்னவர் வரப்போகிற பதற்றம் என்று நினைத்தேன். என்னை என்ன செய்தால் தகும்?

இந்த இடத்தில் கதை எனக்கு நின்றுவிட்டது. நடந்ததை அப்படியே எழுத வெட்கமாக இருந்ததால் சில முடிவுகள் செய்து பார்த்தேன்.

அ) முன்னவர் திருந்தி, சைகை மொழி வகுப்பில் சேர்ந்து, ஐந்தாவது சைகையாக "மன்னிப்பு" கற்றுக்கொண்டு வருகிறார். (பென்சில்: "பொய்.")

ஆ) நாத்தனார் இரண்டு பேரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கடற்கரையில் நடந்து போகிறாள். அலைகள் அவள் கால்களை— (பென்சில்: "பார்லரை யார் பார்ப்பா? உங்க அப்பாவா?")

இ) தொப்பியை மாட்டி, இரண்டு பேர் படத்தையும் காட்டி, கோடு யாருக்குத் துள்ளுகிறது என்று பார்ப்பது. இதை நிஜமாகவே டாக்டரிடம் கேட்டேன். "மூளை என்ன கல்யாணத் தரகராம்மா?" என்றார். பென்சில் இதற்கு ஒன்றும் எழுதவில்லை, பக்கத்தையே கிழித்துவிட்டது.

ஆகவே நடந்ததே மிச்சம்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை. முன்னவர் பெரிய பெட்டியோடு வந்தார். காவலாளி படியில் போகச் சொல்லியிருக்கிறார். கேட்கிற ஆளா? பெட்டியோடு லிஃப்டில் ஏறினார். அது இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது.

சத்தம் கேட்டு நான் ஓடினேன். காவலாளி லிஃப்ட் நிறுவனத்துக்கு ஃபோன் போட்டார், நிறுவனம் அனுப்பியது பின்னவரை. வேறு யாரை அனுப்பும்? மனிதர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பையை வைத்தார், சாவியைப் போட்டு எங்கள் மாடியின் கதவை இழுத்துத் திறந்தார். தரை மட்டத்தில் முன்னவரின் தலை தெரிந்தது, கழுத்துவரைக்கும்.

"யோவ், எவ்வளவு நேரமா கத்தறேன்! காது கேக்கலையா?" என்று பின்னவரைப் பார்த்துக் கத்தினார்.

"கேக்காதுங்க" என்றேன்.

நாத்தனார் வெளியே வந்தாள். பின்னவரைப் பார்த்தாள், நின்றாள். பிறகு தரையில் முளைத்திருந்த தலையைப் பார்த்தாள். விரல் கீழே போனது. என் பக்கம் திரும்பி, "இது இங்க என்ன பண்ணுது?" என்றாள்.

விரலுக்குத் திணையும் கிடையாது, மரியாதையும் கிடையாது என்று மூன்றாவது பகுதியில் சொன்னேன். அவர் என்று மொழிபெயர்த்திருக்கலாம். இது என்று போட்டது என் சொந்தப் பொறுப்பு.

"நீதானே வரச் சொன்னே?" என்று கேட்டேன்.

"நான் யாரை வரச் சொன்னேன்?"

நான் கண்ணாடியில் பார்த்தபடி என் இடது பக்கம் காட்டினேன். அவளுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பித் தன் எதிரே நிறுத்தினாள். பார்லரின் பின்னறையில் உட்கார்ந்த மாதிரி. வலது பக்கம் முன்னவரை வைத்தாள். இடது பக்கம் பின்னவரை வைத்தாள். அப்படியே என்னைச் சுழற்றித் தனக்கு முன்னால் நிறுத்தி, என் தோளுக்கு மேலாக இடது கையை நீட்டினாள்.

எனக்கு விளங்கிவிட்டது. "ஐயோ" என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது.

"என்னக்கா? என்ன சொல்றா? என்னைப் பத்தித்தானே?" என்றது தலை.

"இல்லீங்க."

இதெல்லாம் ரகசியமாக நடக்கவில்லை. லிஃப்ட் வாசலில், சாவியும் கையுமாக ஒரு மனிதர் நின்று எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரியும். வலது யார், இடது யார் என்பதும் அவருக்குப் புரிந்திருக்கும். அவர் என்னைப் போல இல்லையே.

நாத்தனார் மறுபடி என்னைத் தன் பக்கம் திருப்பினாள். அவ்வளவு கோபத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததில்லை. காற்றில் உட்கார்ந்திருந்தவர்களை அப்படியே விட்டுவிட்டாள். அவர்கள் இனி எதற்கு, ஆட்களே வந்தாயிற்றே. விரலை நேராகப் பின்னவரின் நெஞ்சுக்கு நீட்டினாள். கண் என்மேலேயே இருந்தது.

"நான் வரச் சொன்னது அவரை."

இங்கே ஒரே ஒரு விளக்கம், மன்னித்துவிடுங்கள், இது இல்லாமல் கதை முடியாது. நீட்டிய விரல் ஓர் ஆளைக் காட்டும்போது, கண் என்னைப் பார்த்திருந்தால் அதற்கு அர்த்தம் ‘அவர்’. அவரைப் பற்றி என்னிடம் சொல்கிறாள். கண்ணும் விரல் போன இடத்துக்கே போய்விட்டால் அதே விரலுக்கு அர்த்தம் ‘நீ’.

விரல் அசையவில்லை. கண் மட்டும் என்னைவிட்டு மெதுவாகத் திரும்பி அவரிடம் போனது.

இதை எந்தத் தமிழில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பதினோரு விதமாக எழுதிப் பார்த்தேன். ‘அவர்’ என்பது அவள் கையிலேயே, கை அப்படியே இருக்க, ‘நீ’ ஆகிப்போனது. என் மொழியில் அதற்கு ஒரு சொல்லை அழித்து இன்னொரு சொல்லை எழுத வேண்டும்.

பின்னவர் சாவியைக் கீழே வைத்தார். தன் விரலைத் தன் நெஞ்சிலேயே வைத்து, புருவத்தைத் தூக்கி, அவளைக் கேட்டார்: "நானா?"

அவளுடைய கை எழுந்தது.

அவர்கள் இரண்டு பேரும் நீ, நான் என்று பேசத் தொடங்கிவிட்டால், அதைப் பார்ப்பது ஒட்டுக்கேட்பதற்குச் சமம். அதுவரை பண்ணின தப்பே எனக்குப் போதும். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். "என்னாச்சுக்கா? என்னாச்சு?" என்று தலை கேட்டுக்கொண்டே இருந்தது. "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். நிஜமாகவே தெரியாது. முதுகுக்குப் பின்னால் சட்டைக் கைகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் வேகமாகிக்கொண்டே போனது.

நான் திரும்பப்போவதில்லை. நீங்கள் திரும்பிப் பார்க்கலாம். உங்களைக் கூடாது என்று பென்சில் எங்கேயும் எழுதவில்லை.